புல்வெளிக்கு உரம் தூவும் கருவி: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

தில்லியிலும் சுற்றுப்புறங்களிலும் தரைத்தள வீடு வாங்கிய நம் சங்கத்து அன்பர்கள் பலர், வாசலில் ஒரு துண்டு நிலத்தில் ஆசையாகப் புல் வளர்க்கிறார்கள். அவர்களில் சிலர் அண்மையில் என்னிடம் கேட்ட கேள்வி இது: "சார், கடையில் 'பிராட்காஸ்ட் ஸ்பிரெடர்' என்று உரம் தூவும் கருவி விற்கிறார்களே, எதை வாங்கலாம்?" என் பதில்: முதலில் இடத்தை அளந்துகொள்ளுங்கள். அடுத்து, எந்த உரம் போடப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். கருவியைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம். சிலருக்குக் கருவியே தேவைப்படாமல் போகலாம்.

ரயில் பாதைப் பராமரிப்பில் என் காலம் கழிந்தது. அங்கே ஒரு பாடம் உண்டு. ஒரு கிலோமீட்டருக்கு வேண்டிய ஜல்லி மொத்தக் கணக்கில் சரியாகவே வந்திருக்கலாம். ஆனால் ஓரிடத்தில் குவிந்து, ஓரிடத்தில் குறைந்தால் பாதை அமுங்கிவிடும். புல்லுக்கு இடும் உரமும் அப்படித்தான். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். ஒரே இடத்தில் அதிகம் விழுந்தால் அது புல்லிலிருந்தே தண்ணீரை இழுத்து, இரண்டு மூன்று நாளில் புல்லைக் கருக்கிவிடும். விழாத இடம் மஞ்சளாகவே நிற்கும்.

அளவு எவ்வளவு? 1,000 சதுர அடிப் புல்வெளிக்கு ஒரு தடவைக்கு அரைக் கிலோ யூரியா போதும். 100 சதுர அடிக்கு 50 கிராம், அதாவது ஒரு சிறு கைப்பிடி. இவ்வளவு சொற்பமான பொருளை அத்தனை பரப்பிலும் சமமாகப் பரப்ப வேண்டும். கருவியின் வேலை இது ஒன்றே.

ஒரு குடியிருப்பில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே மாலி வாளியில் யூரியாவை எடுத்து, விதை தெளிப்பதுபோல் கையால் வீசினார். பத்து நாளில் புல்வெளி சிறுத்தைத் தோல் மாதிரி ஆகிவிட்டது. சங்கக் குழுவினர் அவருடைய ஒரு மாதச் சம்பளத்தை நிறுத்துவது என்று பேசினார்கள். கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். "அவருக்குத் தராசு கொடுத்தீர்களா, இடத்தின் அளவைச் சொன்னீர்களா?" என்று கேட்டேன். யாரும் கொடுக்கவில்லை, யாரும் சொல்லவில்லை. சம்பளம் தப்பியது. கையால் சுற்றும் சிறு கருவி ஒன்றும், சமையலறைத் தராசு ஒன்றும் வாங்கித் தந்தார்கள். அடுத்த தடவை அதே மாலி, அதே உரம். புல் ஒரே பச்சையாக வந்தது.

இனி கருவிக்கு வருவோம். சுமார் 300 சதுர அடி வரை உள்ள இடத்துக்குக் கருவியே வேண்டாம். 150 கிராம் யூரியாவை ஐந்து மடங்கு உலர்ந்த மணலோடு கலந்து, கையுறை போட்டுக்கொண்டு தூவினால் போதும். 300 முதல் 2,000 சதுர அடி வரை கையில் பிடித்துச் சுற்றும் வகை ஏற்றது. அதற்கும் மேல் என்றால் சக்கரம் வைத்துத் தள்ளும் வகை. வயல்களில் மார்பில் மாட்டிக்கொண்டு விதையும் உரமும் தூவும் பெரிய கருவி வீட்டுக்கு உதவாது. அது எறியும் தூரத்தில் பாதி உரம் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போய்விடும்!

நேராகக் கீழே கொட்டும் பெட்டி வகையும் உண்டு. ஓரங்களில் அது சுத்தமாக வேலை செய்யும். ஆனால் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நான்கு விரல் இடைவெளி விட்டால்கூடப் புல்லில் கோடு தெரியும்.

வீசும் வகையில் உரம் ஒரு சுழல் தட்டின்மேல் விழுந்து விசிறி அடிக்கப்படுகிறது. பெரிய மணி தூரம் போகும், சிறிய மணி அருகில் விழும். யூரியா கடுகு போல் இருக்கும், டி.ஏ.பி. மிளகு போல் இருக்கும். இரண்டையும் கலந்து தொட்டியில் போட்டால் யூரியா நடுவிலும் டி.ஏ.பி. ஓரத்திலுமாகப் பிரிந்து விழும். ஆகவே தனித்தனியாகவே தூவுங்கள். மண்புழு உரமும் வேப்பம் பிண்ணாக்குத் தூளும் ஈரத்தால் தொட்டியில் அடைத்துக்கொள்ளும். அவற்றை மட்டுமே பயன்படுத்தும் குடும்பங்கள் கருவிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். பழைய சல்லடை ஒன்றே போதும்.

கடையில் கருவியைக் கையில் எடுத்துச் சுற்றிப் பாருங்கள். சக்கரப் பற்கள் கடகடக்காமல் ஓட வேண்டும். உரம் விழும் துவாரத்தைத் திறந்து மூடும் கதவு நழுவாமல், வைத்த இடத்தில் நிற்க வேண்டும். தள்ளும் வகையானால் பூப்பாத்தியில் உரம் தெறிக்காதபடி பக்கத் தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டியும் பற்சக்கரங்களும் நல்ல பிளாஸ்டிக் அல்லது நைலானாகவும், அச்சு துருப்பிடிக்காத எஃகாகவும் இருப்பது நல்லது. பித்தளை வேண்டாம். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் நம் நாட்டில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாக விரிசல் கண்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாதான் காரணம் என்று 1921இல் விளக்கினார்கள். உரத்திலும் அதே அம்மோனியா உண்டு.

வாங்கி வந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். மொட்டை மாடியில் ஓர் அடிக்கு ஒன்றாகப் பழைய தட்டுகளை ஒரே வரிசையில் வைத்து, அந்த வரிசையைக் குறுக்கே கடந்து தூவிச் செல்லுங்கள். நடுத் தட்டில் அதிகமாகவும் ஓரங்களில் குறைவாகவும் விழுந்திருக்கும். நடுவில் விழுந்ததில் பாதி அளவு இருபுறமும் எந்தெந்தத் தட்டில் இருக்கிறதோ, அவற்றுக்கு இடைப்பட்ட தூரமே நீங்கள் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் விட வேண்டிய இடைவெளி. சிந்தியதைப் பெருக்கி எடுத்து மறுபடி பயன்படுத்தலாம்.

தூவும்போது அளந்த உரத்தைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியை நீளவாக்கிலும் மறு பாதியைக் குறுக்குவாக்கிலும் தூவுங்கள். கதவைச் சற்றே திறந்து வையுங்கள். பாதிப் புல்வெளியிலேயே உரம் தீர்ந்துபோவதைவிட மிச்சம் இருப்பது மேல். தொட்டியைப் புல்லின்மேல் வைத்து நிரப்பாதீர்கள், சிமென்ட் தரையில் நிரப்புங்கள். நடக்கத் தொடங்கிய பிறகு கதவைத் திறந்து, நிற்கும் முன் மூடுங்கள். இலை உலர்ந்திருக்கும்போது தூவி, உடனே தாராளமாகத் தண்ணீர் விடுங்கள். இல்லையேல் யூரியாவின் சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்.

தில்லி அருகம்புல்லுக்கு மார்ச், ஜூலை, செப்டம்பர் ஏற்ற மாதங்கள். மே மாத வெயிலிலும், புல் உறங்கும் டிசம்பர், ஜனவரியிலும் உரம் வேண்டாம். வேலை முடிந்ததும் கருவியைக் கழுவி, நன்கு உலர்த்தி, அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். மாலிதான் தூவுகிறார் என்றால், முதல் தடவை நீங்களும் கூட நின்று எடை போட்டுக் காட்டுங்கள். விலை உயர்ந்த கருவியைவிட அது புல்லுக்கும் நல்லது, அவருக்கும் நல்லது.