வி.ஸ. காண்டேகர்: ஆசிரியர் பணியிலிருந்து கதை உலகுக்கு

விஷ்ணு சகாராம் காண்டேகர் (1898–1976) மராத்தி நாவலாசிரியர், சிறுகதையாளர், திரைக்கதையாசிரியர். மகாராஷ்டிரத்தின் சாங்லியில் பிறந்தவர். ஞானபீட விருது பெற்ற முதல் மராத்தி எழுத்தாளர்.

ஆசிரியர் பணி

1920-ல் கொங்கணக் கடற்கரைச் சிற்றூரான சிரோடாவில் பள்ளி ஆசிரியராகச் சேர்ந்தார். 1938 வரை அங்கே பணியாற்றினார். முதல் நாவலான 'ஹிருதயாச்சி ஹாக்' 1930-லும், 'உல்கா' 1934-லும் வெளிவந்தன. எழுத்துக்காக அவர் பள்ளியை உடனே விட்டுவிடவில்லை. பல ஆண்டுகள் இரண்டும் சேர்ந்தே நடந்தன. 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த ஊர்களில் சிரோடாவும் ஒன்று. ஊரின் வறுமையையும் இலட்சியவாதத்தையும் அவர் அருகிலிருந்து கண்டார். அவர் கதைகளில் இவ்விரண்டும் ஓயாமல் மோதிக்கொள்கின்றன.

மாற்றம்

1936-ல் மாஸ்டர் விநாயக் இயக்கிய 'சாயா' படத்துக்குக் கதை எழுதினார். 1938-ல் ஆசிரியர் பணியை விட்டு, அன்று மராத்தித் திரைப்படத்தின் மையங்களில் ஒன்றாக இருந்த கோலாப்பூரில் குடியேறினார். வகுப்பறையில் சில மாணவர்களுக்குச் சொன்னவற்றை மொழி தெரிந்த எல்லோருக்கும் சொல்ல வழி கிடைத்தது. ஆனால் நிலையான வேலையும் கண்ணெதிரே வளரும் மாணவர்களும் கைவிட்டுப் போயினர்.

மரபைத் திரும்பச் சொல்லுதல்

காண்டேகர் பழங்கதைகளைத் தம் காலத்துக் கேள்விகளுக்குப் பயன்படுத்தினார். 'கிரௌஞ்ச வதம்' (1942) என்ற தலைப்பு வால்மீகியின் சோகத்தை நினைவூட்டுவது. 'யயாதி' (1959) மகாபாரதக் கிளைக்கதையின் மறுஆக்கம். மகனிடம் இளமையைக் கடன்கேட்ட அரசனின் கதையை யயாதி, தேவயானி, சர்மிஷ்டை ஆகிய மூவரும் தத்தம் பார்வையில் சொல்கின்றனர். நுகர்வதால் ஆசை அடங்குமா என்பதே நாவலின் கேள்வி. இதற்கு 1960-ல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. 1974-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதும் பெற்றார்.

தமிழில்

கா.ஸ்ரீ.ஸ்ரீ.யின் மொழியாக்கங்கள் வழியாகக் காண்டேகர் தமிழ் வாசகர்களிடம் பெரும் செல்வாக்குப் பெற்றார்.

மதிப்பீடு

கதாபாத்திரங்கள் நீதி பேசுவதும், பொன்மொழிகள் மிகுவதும் அவர் எழுத்தின் குறைகளாகச் சொல்லப்படுகின்றன. வகுப்பறைப் பழக்கத்தின் நீட்சியாக அவற்றைக் காணலாம். எனினும் 'யயாதி'யில் பாத்திரங்களே தம் தரப்பைச் சொல்வதால், தீர்ப்பின் பெரும்பகுதி வாசகரிடமே விடப்படுகிறது. ஆசிரியர் கதைசொல்லியாக மாறியதன் முழுமையான சான்று அந்நாவலே.