39 விநாடி முன்னிலை... ஒரே மலையில் காலி! டூர் டி பிரான்ஸில் மலை ஸ்டேஜ்கள் ஏன் இவ்வளவு பரபரப்பு?

2022 ஜூலை 13. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் 11வது ஸ்டேஜ். ஸ்லோவேனியா வீரர் ததேய் பொகாச்சார் மஞ்சள் ஜெர்சியில் இருக்கிறார். அதாவது ஒட்டுமொத்தப் பந்தயத்தில் முதலிடம். 2020, 2021 என அடுத்தடுத்து இரண்டு முறை பட்டம் வென்றவர். டென்மார்க்கின் யோனாஸ் விங்கெகார்ட் அவரைவிட 39 விநாடிகள் பின்னால் இருக்கிறார்.

அன்றைய கடைசி ஏற்றம், ஆல்ப்ஸ் மலையில் உள்ள கோல் டு கிரானோன். உச்சிக்குச் சுமார் 5 கிலோமீட்டர் இருக்கும்போது விங்கெகார்ட் வேகத்தைக் கூட்டுகிறார். பொகாச்சாரால் பின்தொடர முடியவில்லை. ஜெர்சியின் ஜிப் முழுவதும் திறந்து கிடக்க, தோள்கள் இடமும் வலமும் ஆட, ஒவ்வொரு வீரராக அவரைக் கடந்து போகிறார்கள். உச்சியில் கணக்குப் பார்த்தால், விங்கெகார்ட்டிடம் அவர் இழந்தது 2 நிமிடம் 51 விநாடி. மஞ்சள் ஜெர்சி கைமாறியது. அந்த ஆண்டுப் பட்டமும் விங்கெகார்ட்டுக்கே போனது.

10 நாட்கள் சேர்த்து வைத்த முன்னிலை சில கிலோமீட்டரில் எப்படிக் கரைந்தது? மலையில் அப்படி என்னதான் இருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

சமவெளியில் ஏன் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை?

டூர் டி பிரான்ஸ் மூன்று வாரப் பந்தயம். மொத்தம் 21 ஸ்டேஜ்கள், சுமார் 3,400 கிலோமீட்டர். ஒவ்வொரு நாளும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டி, யாருக்கு மொத்த நேரம் குறைவோ அவரே சாம்பியன்.

சமவெளி ஸ்டேஜ்களில் நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்கள் ஒரே கூட்டமாக வருவார்கள். இந்தக் கூட்டத்துக்குப் பெயர் பெலோட்டான். இங்கே வீரரின் முதல் எதிரி காற்றுதான். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போவார், அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரைகூட உழைப்பு மிச்சம். கூட்டத்துக்கு நடுவில் இருந்தால் இன்னும் அதிகம் மிச்சமாகும்.

அதனால் சுமாரான வீரர்கூட, பலமான வீரரோடு சேர்ந்தே கோட்டைத் தொட முடியும். ஒரே கூட்டமாக வந்து சேர்ந்தால் எல்லாருக்கும் ஒரே நேரம்தான் கணக்கில் எழுதப்படும். முதலில் வந்தவருக்கும் நூறாவதாக வந்தவருக்கும் இடையே போனஸ் விநாடிகளைத் தவிர வித்தியாசம் இல்லை.

மலையில் என்ன மாறுகிறது?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி, வேகம் கூடக்கூடப் பல மடங்காக ஏறும். மணிக்கு 20 கிலோமீட்டரில் போவதைவிட 45 கிலோமீட்டரில் போகும்போது காற்றுக்கு மட்டும் 11 மடங்குக்கு மேல் சக்தி தேவை. மலையேற்றத்தில் வேகம் 20 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். அப்போது காற்று பெரிய பிரச்னை இல்லை. எனவே அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதாலும் பெரிய லாபம் இல்லை.

இப்போது எதிரி புவியீர்ப்பு விசை. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 60 கிலோ எடையுள்ள வீரர், 8 கிலோ சைக்கிள் மற்றும் சாமான். 9 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம். இந்த 68 கிலோவை மேலே தூக்க மட்டும் சுமார் 330 வாட் சக்தி வேண்டும். காற்று, டயர் உராய்வு எல்லாம் தனிக்கணக்கு. இதே வேகத்தில் உடம்பில் ஒரு கிலோ கூடினால், கூடுதலாக 5 வாட். இதைத் தொடர்ந்து அரை மணி நேரத்துக்கு மேல் கொடுக்க வேண்டும்.

அதனால்தான் மலை வீரர்கள் ஒல்லிக்குச்சியாக இருக்கிறார்கள். எவ்வளவு பலம் என்பதைவிட, ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு பலம் என்பதுதான் இங்கே கணக்கு. சைக்கிளை ரொம்பவும் இலேசாக்கிவிடக் கூடாது என்பதற்காக, குறைந்தது 6.8 கிலோ இருக்க வேண்டும் என்று சர்வதேச சைக்கிள் சங்கமான யுசிஐ விதியே வைத்திருக்கிறது.

இன்னொரு சிக்கல், உயரம். கிரானோன் உச்சி 2,413 மீட்டர். அந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தைவிடச் சுமார் கால் பங்கு குறைவு. ஏற்கெனவே எரியும் கால்களுக்கு எரிபொருளும் குறைகிறது.

கிரானோனில் நடந்தது என்ன?

மலையில் தனி ஆளின் பலம்தான் பேசும் என்றால், அணி எதற்கு? அன்றைய ஆட்டமே அதற்குப் பதில். கிரானோனுக்கு முன்பே விங்கெகார்ட்டின் ஜம்போ விஸ்மா அணி வேலையைத் தொடங்கிவிட்டது. பட்ட வாய்ப்பை ஏற்கெனவே இழந்திருந்த சக வீரர் ப்ரிமோஸ் ரோக்லிச் ஒரு முறை பாய்வார், அடுத்து விங்கெகார்ட் பாய்வார், மறுபடியும் ரோக்லிச். 2,642 மீட்டர் உயரமுள்ள கலிபியர் கணவாய் வழியில் இது மாறி மாறி நடந்தது.

ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் பொகாச்சாரே பதில் சொல்ல வேண்டியிருந்தது. அப்போது பார்த்தவர்களுக்கு, 'இவரை அசைக்கவே முடியாதுப்பா' என்றுதான் தோன்றியது. ஆனால் கணக்கு பின்னால் வந்தது. 11.3 கிலோமீட்டர் நீளம், சராசரி 9.2 சதவீத ஏற்றம் கொண்ட கிரானோனில் அவர் கால்கள் நின்றுவிட்டன.

2 நிமிடம் 51 விநாடி என்பது சின்ன விஷயமா? 1989இல் கிரெக் லெமான்ட் மொத்தப் பந்தயத்தையும் வென்றது வெறும் 8 விநாடி வித்தியாசத்தில்!

2023இல் கோல் டி லா லோஸ் ஏற்றத்தில் பொகாச்சாருக்கு மீண்டும் அதே கதி. 'நான் முடிந்துவிட்டேன், செத்துவிட்டேன்' என்று அவர் அணியின் ரேடியோவில் சொன்னதை உலகமே கேட்டது. ஆனால் மலை ஒருவருக்கே சாதகம் என்றும் இல்லை. 2024, 2025 இரண்டு ஆண்டுகளும் பட்டம் அவருக்கே. 2025இல் ஓட்டாக்காம் ஏற்றத்தில் இரண்டாவதாக வந்த விங்கெகார்ட்டைவிட 2 நிமிடத்துக்கும் மேல் முன்னதாக வந்து ஜெயித்தார்.

ஏற்றங்களுக்கு ரேங்க்... புள்ளி போட்ட ஜெர்சி

ஏற்றத்தின் நீளம், செங்குத்து, அது ஸ்டேஜில் எங்கே வருகிறது என்பதையெல்லாம் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். எளிதானது 4ஆம் தரம், கடினமானது 1ஆம் தரம். அதற்கும் மேலே ஒன்று உண்டு, 'ஓர் கேட்டகரி'. தரம் பிரிக்கவே முடியாத அளவுக்குக் கடினம் என்று பொருள். உச்சியை முதலில் தொடுபவர்களுக்குப் புள்ளிகள் கிடைக்கும். அதிகப் புள்ளி எடுப்பவர் 'மலைகளின் ராஜா'. இந்தப் போட்டி 1933 முதல் நடக்கிறது. வெள்ளையில் சிவப்புப் பொட்டு வைத்த அந்தப் பிரபல ஜெர்சி வந்தது 1975இல்.

கடைசியில் நடக்கும் இன்னொரு பந்தயம்

கேமரா பெரும்பாலும் முன்னால் இருப்பவர்களையே காட்டும். ஆனால் பின்னால் ஒரு பெரிய போராட்டம் நடந்துகொண்டிருக்கும். சமவெளியில் மின்னல் வேகத்தில் ஜெயிக்கும் ஸ்பிரிண்டர்கள் கனமான உடல்வாகு கொண்டவர்கள். மலை அவர்களுக்கு நரகம். வெற்றியாளரின் நேரத்தைவிடக் குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் தாமதமானால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அதனால் அவர்கள் எல்லாரும் அணி வித்தியாசம் பார்க்காமல் ஒன்றாகச் சேர்ந்து, கடிகாரத்தைப் பார்த்தபடியே ஏறுவார்கள். இந்தக் கூட்டத்துக்கு 'குருப்பெட்டோ' என்று பெயர். பிரிட்டனின் மார்க் கேவண்டிஷ் 2018இல் 11வது ஸ்டேஜில் இந்த நேர வரம்பைத் தாண்டி வெளியேறினார். அதே கேவண்டிஷ் 2024இல் தன் 35வது ஸ்டேஜ் வெற்றியைப் பெற்று, எடி மெர்க்ஸின் 34 வெற்றி சாதனையை முறியடித்தார். அந்த ஆண்டு மலைகளில் கடைசி ஆட்களோடு போராடி, பந்தயத்தையும் முடித்தார்.

'கொலைகாரர்கள்!' - 1910இல் தொடங்கிய கதை

டூர் டி பிரான்ஸ் 1903இல் தொடங்கியது. பிரனீஸ் மலையின் உயர்ந்த கணவாய்கள் சேர்க்கப்பட்டது 1910இல். லுஷோனில் இருந்து பயோனுக்கு 326 கிலோமீட்டர், அதுவும் ஒரே ஸ்டேஜ்! பாதை என்பது அன்று மண்ணும் கல்லும்தான். களைத்துப்போன பிரெஞ்சு வீரர் ஒக்டாவ் லாபீஸ், பந்தய அதிகாரிகளைப் பார்த்து 'கொலைகாரர்கள்' என்று கத்தினார். ஆனாலும் அந்த ஸ்டேஜையும் அந்த ஆண்டுப் பட்டத்தையும் வென்றது அவரேதான்.

1913இல் யூஜின் கிறிஸ்டோஃப் கதை இன்னும் உருக்கமானது. டூர்மாலே கணவாயில் இருந்து இறங்கும்போது சைக்கிளின் முன் ஃபோர்க் உடைந்தது. வெளியாள் உதவி வாங்கக் கூடாது என்பது விதி. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு 10 கிலோமீட்டருக்கும் மேல் நடந்து, கீழே ஒரு கிராமத்துக் கொல்லன் பட்டறையில் தானே இரும்பைக் காய்ச்சி ஒட்டினார். துருத்தி ஊத ஒரு சிறுவன் உதவினான் என்பதற்காக அவருக்கு அபராதம் வேறு!

ஏறியாச்சு, இறங்க வேண்டாமா?

ஏற்றம் உடம்பைச் சோதித்தால், இறக்கம் நெஞ்சைச் சோதிக்கும். வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொடுவதும் உண்டு. சாலையைத் தொட்டுக்கொண்டிருப்பது இரண்டு மெல்லிய டயர்கள் மட்டும். உடம்பில் இருப்பது மெல்லிய துணி.

1992 ஒலிம்பிக் சாம்பியனான இத்தாலியின் ஃபாபியோ காசார்டெல்லி, 1995 டூரில் பிரனீஸ் இறக்கத்தில் விழுந்து இறந்தார். அவர் ஹெல்மெட் அணிந்திருக்கவில்லை. ஹெல்மெட் கட்டாயமானதே 2003இல்தான். 2023 ஜூனில் சுவிட்சர்லாந்துப் பந்தயத்தில், 26 வயது ஜீனோ மேடர் அல்புலா கணவாய் இறக்கத்தில் விழுந்து, மறுநாள் உயிரிழந்தார். ரசிகர்களுக்கு த்ரில் தரும் இதே பாதைதான் சிலரைத் திருப்பி அனுப்பவில்லை.

இந்த வேகத்தை நம்பலாமா?

ரசிகர்கள் மனதில் எப்போதும் இருக்கும் கேள்வி இது. 1967இல் பிரிட்டன் வீரர் டாம் சிம்ப்சன், கடும் வெயிலில் மோன் வான்டூ மலையில் சரிந்து இறந்தார். அவர் உடலில் ஆம்ஃபெட்டமைன் என்ற ஊக்கமருந்து இருந்தது தெரியவந்தது. மலைகளில் எல்லாரையும் நொறுக்கிய லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் 7 பட்டங்களும் 2012இல் பறிக்கப்பட்டன.

இப்போதைய வீரர்கள் அந்தக் காலத்தைவிட வேகமாக ஏறுகிறார்கள். 2024இல் ப்ளாட்டோ டி பெய் ஏற்றத்தில், 1998இல் மார்கோ பன்டானி எடுத்த நேரத்தைப் பொகாச்சார் 3 நிமிடத்துக்கும் மேல் குறைத்தார். அவர் எந்தச் சோதனையிலும் சிக்கியதில்லை. சைக்கிள், டயர், பயிற்சி எல்லாம் முன்னேறிவிட்டன. சாப்பாடும் மாறிவிட்டது. இன்று ஒரு மணி நேரத்துக்கு 90 முதல் 120 கிராம் வரை கார்போஹைட்ரேட் எடுத்துக்கொள்கிறார்கள். ஏறக்குறைய 20 டீஸ்பூனுக்கும் மேலான சர்க்கரை அளவு இது! ஆனாலும் பழைய காயம் காரணமாக, மலையில் யார் வேகமாகப் போனாலும் சந்தேகமும் கூடவே ஏறுகிறது.

டிவியில் பார்க்கும்போது எதைக் கவனிக்கலாம்?

* துணை வீரர்கள்: கடைசி ஏற்றத்தின் அடிவாரத்தில் எந்த அணிக்கு எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணுங்கள். தனியாகிவிட்ட தலைவருக்கு ஆபத்து அதிகம்.
* தோளும் வாயும்: வாய் மூடி, தோள் அசையாமல் ஏறுபவரிடம் இன்னும் பலம் இருக்கிறது. தோள் ஆடத் தொடங்கினால் சிக்கல்.
* இடைவெளி: முன் சக்கரத்துக்கும் முன்னால் போகிறவரின் பின் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சைக்கிள் நீளம் விழுந்தால் உஷாராகுங்கள். பெரும்பாலும் அது மறுபடி ஒட்டாது.
* பின்பகுதி: முதல் ஆள் கோட்டைத் தொட்டதும் டிவியை அணைத்துவிடாதீர்கள். நேர வரம்புக்குள் வந்து சேரக் கடைசிக் கூட்டம் இன்னும் மிதித்துக்கொண்டிருக்கும்.

ஒவ்வொரு ஆண்டும் ஜூலையில் நடக்கும் இந்தப் பந்தயத்துக்கு, மலைச்சாலை ஓரங்களில் டிக்கெட்டே கிடையாது. நல்ல இடம் பிடிக்க ரசிகர்கள் நாள்கணக்கில் முன்னதாகவே வந்து முகாம் போடுகிறார்கள். சமவெளியில் கண் சிமிட்டும் நேரத்தில் பெலோட்டான் கடந்துவிடும். மலையிலோ வீரரின் மூச்சுச் சத்தம் கேட்கும் தூரத்தில், ஒவ்வொருவராக, மெதுவாகப் போவார்கள். அவர்களில் யாரிடம் இன்னும் தெம்பு இருக்கிறது, யார் நடிக்கிறார் என்பது அந்த முகத்திலேயே தெரிந்துவிடும்.