ஓர் அங்குலத்தின் எடை

"வண்டி ஏத்துற சரிவு இருக்கே சார், அதுலயே தள்ளிட்டுப் போயிரலாம்" என்றார் ஆம்புலன்ஸில் கூட வந்த தம்பி. எனக்கும் சரியென்றே பட்டது. வாசலில் ஆறு அங்குலத்தில் மூன்று படிகள். ஓரத்தில், எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இருப்பதுபோல, ஸ்கூட்டர் ஏற நாலடி நீளத்தில் ஒரு சிமெண்ட் சரிவு. பாதி ஏறியிருப்போம். சக்கர நாற்காலியின் முன்சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில் எழும்பின. "ஏங்க!" என்ற குரல் கேட்டது. என் மனைவி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலியின் முதுகை நெஞ்சால் முட்டுக்கொடுத்து நின்றேன்.

மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு. அதனால் வலக் கையும் வலக் காலும் தளர்ந்துவிட்டன. இருபது வருஷமாக வசதியான வீடு என்று நினைத்திருந்த எங்கள் வீடு, அன்று சாயங்காலத்துக்குள் எட்டு இடங்களில் அவளைத் தடுத்தது. நான் டேப்பை எடுத்தேன்.

முதலில் சரிவு. நம்மைக் கீழே இழுக்கும் விசை எவ்வளவு என்று பார்க்கப் பெரிய கணக்கு வேண்டாம். உயரத்தைச் சரிவின் நீளத்தால் வகுத்து எடையால் பெருக்கினால் போதும். 18 அங்குல உயரம், 48 அங்குலச் சரிவு, அவளும் நாற்காலியுமாக 80 கிலோ. ஆக, 30 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டையில் பாதிக்குக் கொஞ்சம் அதிகம். ஸ்கூட்டருக்கு எஞ்சின் இருக்கிறது, எனக்கு இல்லை. இழுவை போதாதென்று கவிழும் அபாயம் வேறு. உட்கார்ந்திருப்பவரின் எடைமையம், பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்குச் சில அங்குலம் முன்னால்தான் இருக்கும். தரை சாயச் சாய அது பின்னுக்கு வரும். சக்கரத்தைத் தாண்டியதும் நாற்காலி மல்லாந்துவிடும்.

ஓர் அடி உயர 12 அடி நீளம் என்பதுதான் உலகமெங்கும் புழங்கும் கணக்கு. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சக்கர நாற்காலியில் வந்து படித்த மாணவர்களை வைத்து நடந்த ஆய்வுகளின் பேரில், 1961-ல் வந்த முதல் அமெரிக்கத் தரநிலையிலேயே அது இடம்பெற்றது. நம் மத்திய அரசின் 2021-ம் ஆண்டு நெறிமுறைகளிலும் உண்டு. அந்தக் கணக்குப்படி இழுவை ஏழு கிலோவுக்கும் குறைவு. ஆனால் 18 அங்குலத்துக்கு 18 அடி நீளம் வேண்டும். எங்கள் வாசலுக்கும் கேட்டுக்கும் இடையில் இருப்பது 11 அடி. எனவே வளைத்துக் கட்டினோம். திரும்பும் இடத்தில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் விட்டோம். அவ்வளவு இருந்தால்தான் நாற்காலி முழுவட்டம் திரும்பும். ஒரு செம்பருத்திச் செடி போயிற்று. ரோட்டை மேலே மேலே போட்டு உயர்த்திக்கொண்டே போகிறார்களே என்று புலம்புகிறவன் நான். வெளியே ஆறு அங்குலம் ஏறினால் கேட்டிலிருந்து வாசலுக்கு ஏறவேண்டியது ஆறு அங்குலம் குறையும் என்று அன்றுதான் உறைத்தது. மழைத்தண்ணீர் உள்ளே வருவது வேறு கதை.

சரிவில் ஏறியாயிற்று. அடுத்தது நிலைப்படி. வெறும் இரண்டு அங்குலம்தானே என்று நினைப்போம். நாற்காலியின் முன்சக்கரம் எட்டு அங்குல விட்டம், அதாவது மையம் தரையிலிருந்து நாலு அங்குலத்தில் இருக்கிறது. அந்தச் சக்கரங்களின் மேல் 30 கிலோ இறங்கியிருந்தால், இரண்டு அங்குலப் படியில் ஏற்ற ஐம்பது கிலோவுக்கு மேல் தள்ள வேண்டும். ஓர் அங்குலமாக இருந்தால் அதில் பாதி போதும். படியே நாலு அங்குலமானால் பயில்வானே வந்து தள்ளினாலும் சக்கரம் ஏறாது, படியில் முட்டித்தான் நிற்கும். பின்னாலிருந்து சாய்த்து முன்சக்கரத்தைத் தூக்கிவிட ஆள் வேண்டும். ஆள் இல்லாமல் அவள் வாசலுக்கு வரவேண்டும் என்பதுதானே என் திட்டம்?

படியைச் செதுக்கலாமா என்று ஆசாரியிடம் கேட்டது அம்மா காதில் விழுந்துவிட்டது. "வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசுற படி. அதுல உளி வைக்கப் போறியா?" வைக்கவில்லை. உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக, 16 அங்குல நீளத்துக்கு வேங்கைமரத்தில் சாய்வுக் கட்டைகள் அடித்தோம். இவ்வளவு சிறிய உயரத்துக்கு ஒன்றுக்கு எட்டு என்ற சாய்வு தாங்கும். வந்த முதல் வெள்ளிக்கிழமையே அம்மா கட்டைகளுக்கும் சேர்த்து மஞ்சள் பூசிவிட்டார்.

பெரிய வேலை பாத்ரூமில்தான். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். வேறொருவர் உங்கள் நெற்றியில் ஒரே ஒரு விரலை வைத்து அழுத்தட்டும். கையை ஊன்றாமல் எழ முடியாது. விரலுக்கு அவ்வளவு பலமில்லை. எழ வேண்டுமானால் முதலில் தலையும் மார்பும் முன்னால் வந்து, உடம்பின் எடை பாதத்துக்கு மேல் விழ வேண்டும். அதற்குத் தோதாகப் பாதமும் பின்னால் இழுபட வேண்டும். ஆசனம் தாழத் தாழ முட்டியின் மேல் பளு கூடும்.

எங்கள் வெஸ்டர்ன் டாய்லெட் 15 அங்குல உயரம். 19 அங்குலம்தான் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றது என்றார் கடைக்காரர். அது வளர்ந்த ஆளுக்கு. இவளுக்குத் தரையிலிருந்து முட்டி மடிப்பு வரை 16 அங்குலம். 19-ல் உட்கார்ந்தால் பாதம் தொங்கும், ஊன்ற இடமிருக்காது. பதினேழரையில் நிறுத்தினோம். கொத்தனார் அழகுக்காக அடிமேடையை முன்னால் நாலு அங்குலம் நீட்டிக் கட்டிவிட்டார். பாதத்தைப் பின்னுக்கு இழுக்க வழியில்லாமல் போயிற்று. மறுநாள் அதை உடைத்தார். பாவம், கிரானைட் வேறு ஒட்டியிருந்தார்.

கைப்பிடி எந்தப் பக்கம்? வலிமை மிச்சமிருக்கிற இடப்பக்கம். சுவரோ வலப்பக்கத்தில். ஆகவே பின்சுவரிலிருந்து நீளும் மடக்குக் கைப்பிடி. பொருத்தி முடித்ததும் நானே அதன் நுனியில் தொங்கிப் பார்த்தேன். பிளக், திருகு, டைல் எல்லாம் சேர்ந்து கையோடு வந்தன. நெம்புகோல் கணக்கு அது. 75 சென்டிமீட்டர் தள்ளி 50 கிலோ அழுத்தினால், 20 சென்டிமீட்டர் உயரப் பட்டையின் மேல்போல்ட்டுகளை 187 கிலோ விசை வெளியே பிடுங்குகிறது. நாலரை அங்குலச் சுவரில் பிளாஸ்டிக் பிளக் எப்படித் தாங்கும்? சுவரைத் துளைத்து மறுபுறம் இரும்புத் தகடு கொடுத்து போல்ட் முடுக்கினோம். துண்டு போடுகிற கம்பியைப் பிடித்துக்கொண்டு எழும் வீடுகளை நினைத்தால் எனக்கு இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

தரைக்கு டைல்ஸ் வாங்கப் போனால் "ஆன்ட்டி ஸ்கிட் சார், ஆர்-10" என்கிறார்கள். அந்த எண் ஒரு ஜெர்மன் சோதனையில் வருவது. எண்ணெய் பூசிய மேடையில் பூட்ஸ் போட்ட ஆளை நடக்கவிட்டு, கால் வழுக்கும்வரை மேடையைச் சாய்ப்பார்கள். 10 டிகிரிக்கு மேல் 19 வரை தாங்கினால் ஆர்-10. எங்கள் பாத்ரூமில் பூட்ஸும் இல்லை, எண்ணெயும் வாரம் ஒருநாள்தான். வெறுங்காலுக்கும் சோப்புத் தண்ணீருக்கும் தனிச் சோதனை இருக்கிறது, அதில் எண் இல்லை, எழுத்து. 12 டிகிரி தாங்கினால் ஏ, 18 என்றால் பி, 24 என்றால் சி. சி ரகத்தின் சொரசொரப்பைத் தேய்த்துக் கழுவுவது எனக்குக் கஷ்டம் என்பதால் பி எடுத்தேன்.

கதவு விஷயம் சுருக்கமாக. இரண்டரை அடிக் கதவில் வாசக்கால் போக வழி 25 அங்குலம்தான், நாற்காலியின் அகலமும் ஏறக்குறைய அதே. மூன்றடிக்கு மேல் அகலப்படுத்தி, வெளிப்பக்கம் திறக்க வைத்தோம். உள்ளே விழுந்தால் விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும் அல்லவா?

வாசலில் பழைய மூன்று படிகளை இடிக்கவில்லை. "சரிவு நாற்காலிக்குங்க. நான் நடக்கப் போறேன்ல" என்றாள். பிசியோதெரபி அம்மா சொல்லிக் கொடுத்த பாடம் இது: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தளர்ந்த கால் முதலில். ஏற்றத்தில் முன்னே வைத்த கால்தான் உடம்பைத் தூக்குகிறது. இறக்கத்தில் மேலே நிற்கும் கால்தான் உடம்பை மெல்ல இறக்கிவிடுகிறது. இரண்டு தடவையும் உழைப்பது இடது கால்தான். ஆனால் ஏறும்போது இடக்கைக்கு எட்டும் கம்பி, இறங்கும்போது வலப்பக்கம் போய்விடும். அதனால் இரண்டு பக்கமும் கம்பி வைத்தோம். ஏழாவது மாதம் நாலுகால் ஊன்றுகோலைப் படிக்குக் கீழே என்னிடம் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்து ஏறினாள்.

இப்போது சமையலறையில் நிற்கிறது வேலை. மேடை 34 அங்குலம், நின்று சமைப்பவர் அளவு. உட்கார்ந்து முழங்கையை மடக்கி, அந்த உயரத்தில் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறாள், இடது கையால். அளந்தேன், 28 அங்குலம். அடியில் முட்டி நுழைய இடம்விட்டால் சிலிண்டரை எங்கே வைப்பது என்று கேட்டேன். "அதை நீங்க யோசிங்க" என்றாள். கொத்தனார் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.