அடுத்த பயிற்சியாளர் யார்?

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஒரு விந்தையான தேடல் நடைபெறுகிறது. பல்கலைக்கழகங்கள் தங்கள் புட்பால் குழுவுக்குத் தலைமைப் பயிற்சியாளரைத் தேடுகின்றன. தேடுவது பல்கலைக்கழகம், அதைப் பற்றிப் பேசுவதோ மாநிலம் முழுவதும். இன்னார் வருகிறார் என்று காலையில் ஒரு செய்தி. இல்லை, மறுத்துவிட்டார் என்று மாலையில் மற்றொன்று. இவ்வதந்திகள் எங்கே பிறக்கின்றன, அவற்றை வளர்ப்பவர் யார், முடிவில் இழப்பு யாருக்கு என்பனவற்றையே இன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். விளையாட்டில் நாட்டமில்லாத மாணவர்களும் சற்றுச் செவி கொடுக்கலாம். பேசப்போவது பந்தைப் பற்றி மட்டும் அன்று.

அமெரிக்கர் புட்பால் என்பது நம் பள்ளி மைதானங்களில் ஆடும் கால்பந்து அன்று. இரு முனையும் கூரிய நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், எதிரியை மறித்து வீழ்த்தியும் பக்கத்திற்குப் பதினொருவராக ஆடும் ஆட்டம் அது. 1869ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் நியூ ஜெர்சி மாநிலத்தில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் ஆகிய இரு கல்லூரிகளின் மாணவர்கள் மோதிய ஆட்டத்தை இதன் தொடக்கமாகக் கூறுவர். ரட்கர்ஸ் 6-4 என்ற கணக்கில் வென்றது. அக்காலத்தில் சம்பளம் பெறும் பயிற்சியாளர் என்று எவரும் இலர். 1892இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரான ஹார்ப்பர், ஆமோஸ் அலோன்சோ ஸ்டாக் என்பவரை ஆசிரியர்களுள் ஒருவராகவே நியமித்துக் குழுவை அவரிடம் ஒப்படைத்தார். ஸ்டாக் அங்கே 41 பருவங்கள் பணியாற்றினார். எழுபது வயதாயிற்று, ஓய்வு பெறுக என்று சொன்னபோது, கலிபோர்னியாவில் வேறொரு கல்லூரிக்குச் சென்று மேலும் பதினான்கு ஆண்டுகள் பயிற்சி அளித்தார். (ஓய்வு பெற்ற ஆசிரியனாகிய எனக்கு இச்செய்தியில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.)

இன்றைய நிலை வேறு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆட்டக்களத்தில் மட்டும் 1,07,601 பேர் அமரலாம். தொலைக்காட்சி உரிமைக்காகக் கோடிக்கணக்கான டாலர்கள் கைமாறுகின்றன. பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பணத்தில் இயங்கும் பதவிகளுள் மிக உயர்ந்த சம்பளம் பெறுபவர் ஆளுநரும் அல்லர், பல்கலைக்கழகத் தலைவரும் அல்லர். புட்பால் அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளரே ஆவர். ஒப்பந்தக் காலம் முடியுமுன் அவரை நீக்கினால் எஞ்சிய ஆண்டுகளுக்கும் பல்கலைக்கழகம் ஈடு தரவேண்டும். டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் ஜிம்போ ஃபிஷரை விலக்கியபோது ஒப்புக்கொண்ட கடன் ஏழரைக் கோடி டாலருக்கும் மேல். பயிற்சியாளர் தாமே இடையில் விலகினால் அவர் ஈடு தரவேண்டும். மேற்கு வர்ஜீனியாவை விட்டு 2007 டிசம்பரில் மிச்சிகனுக்குச் சென்ற ரிச் ரோட்ரிகஸின் வழக்கு, 40 லட்சம் டாலர் செலுத்தியபின்தான் முடிந்தது.

இவ்வளவு பெரிய வேலைக்கு ஆள் எடுப்பதை வெளிப்படையாகச் செய்யலாமே என்று நீங்கள் கேட்கலாம். செய்ய இயலாது. விரும்பப்படுபவர் பெரும்பாலும் வேறொரு பல்கலைக்கழகத்தில் பணியில் இருப்பவர்; அவருடைய குழு இன்னும் ஆடிக்கொண்டிருக்கும். அவர் போகிறார் என்று தெரிந்தால் அங்குள்ள மாணவர்களின் ஊக்கம் குன்றும். அழைத்து அவர் மறுத்தார் என்று தெரிந்தால் அழைத்தவர்களுக்குத் தலைகுனிவு. மேலும், பல மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகத்தின் கடிதங்களைப் பத்திரிகைகள் கேட்டுப் பெறச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே எழுத்தில் எதுவும் வைப்பதில்லை. இடையில் ஆள் தேடித்தரும் தனியார் நிறுவனம் ஒன்றை அமர்த்துகிறார்கள். அது பயிற்சியாளரோடு நேரே பேசாமல் அவருடைய முகவரோடு பேசுகிறது. யாரும் யாரோடும் பேசவில்லை என்று எல்லாருமே சொல்லக்கூடிய ஓர் ஏற்பாடு இது. எழுத்து இல்லாத இடத்தில் பேச்சு முளைக்காமல் என்ன செய்யும்?

இது இன்று நேற்று வந்ததன்று. 1957ஆம் ஆண்டு டெக்சாஸ் ஏ அண்டு எம் குழு எட்டு ஆட்டங்களிலும் வென்று நாட்டின் முதல் இடத்தில் நின்றது. பயிற்சியாளர் பால் பிரையன்ட், 'கரடி' என்று செல்லப்பெயர் பெற்றவர். அவர் தாம் படித்த அலபாமாவுக்கே திரும்பப் போகிறார் என்ற பேச்சு ரைஸ் பல்கலைக்கழகத்தோடு ஆடவிருந்த வேளையில் பரவியது. அந்த ஆட்டத்தில் அவர்கள் 7-6 என்று ஒரே புள்ளியில் தோற்றார்கள். அடுத்து டெக்சாஸ் பல்கலைக்கழகத்திடம் 9-7 என்று தோல்வி. பருவத்தின் இறுதி ஆட்டத்தில் டென்னசியிடம் 3-0 என்று மற்றொரு தோல்வி. வதந்தியால்தான் தோற்றார்கள் என்று உறுதியாகக் கூறமுடியாது. ஒரு புள்ளி எதனாலும் போகலாம். ஆனால் அந்த வதந்தி மெய்யாயிற்று. பிரையன்ட் அலபாமாவுக்குப் போனார். 1982 வரை அங்கேயே இருந்தார்.

அதே அலபாமா மாநிலத்தில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் 2003இல் நடந்தது இன்னும் சுவையானது. அங்கே டாமி டியூபர்வில் பயிற்சியாளர். பருவத் தொடக்கத்தில் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது, அது நிறைவேறவில்லை. அலபாமாவோடு ஆடவேண்டிய ஆண்டின் மிகப் பெரிய ஆட்டத்திற்கு இரண்டு நாள் முன்பு, நவம்பர் 20ஆம் நாள், பல்கலைக்கழகத் தலைவரும், விளையாட்டுத் துறை இயக்குநரும், ஆட்சிக்குழு உறுப்பினர் சிலரும் ஒரு தனி விமானத்தில் புறப்பட்டார்கள். இண்டியானா மாநிலத்தில் ஒரு சிறு விமானத் தளத்தில் இறங்கி, ஆற்றுக்கு அக்கரையில் லூயிவில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பாபி பெட்ரினோவை இரகசியமாகச் சந்தித்தார்கள். டியூபர்வில்லுக்குத் தெரியாது. பெட்ரினோவோ, முந்தைய ஆண்டு அதே டியூபர்வில்லிடம் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர்!

சில நாட்களில் பயணம் அம்பலமாயிற்று. அதற்குள் ஆபர்ன் 28-23 என்று அலபாமாவை வென்றிருந்தது. மக்களின் பரிவு முழுவதும் ஏமாற்றப்பட்ட பயிற்சியாளர் பக்கம் திரும்பியது. பல்கலைக்கழகத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். 2004 ஜனவரியில் பதவி விலகினார். டியூபர்வில் தம் இடத்திலேயே இருந்தார். மறு ஆண்டு அவர் குழு 13 ஆட்டம் ஆடி 13இலும் வென்றது. யாரை நீக்கத் திட்டமிட்டார்களோ அவர் நிலைத்தார், திட்டமிட்டவர் நீங்கினார்.

அன்று முதல் விமானத்தின் மீது மக்களுக்கு ஒரு கண். இப்போது விமானங்கள் வெளியிடும் சைகைகளைக் கொண்டு அவை எங்கிருந்து எங்கே பறக்கின்றன என்பதை இணையத்தில் யாரும் பார்க்கலாம். பல்கலைக்கழகத்திற்கு வாடகைக்கு வரும் சிறு விமானம் ஓர் ஊரில் இறங்கினால் போதும். அந்த ஊரில் எந்தப் பயிற்சியாளர் இருக்கிறார் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். மாணவர்களே, இங்கே தருக்க நூல் படிப்போர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். விமானம் பறந்தது என்பது சான்று. அதில் யார் அமர்ந்திருந்தார் என்பது ஊகம். எதற்காகப் போனார் என்பது ஊகத்தின் மேல் ஊகம். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் கேட்பவர் காதில் மூன்றும் சான்றாகவே விழுகின்றன.

எல்லா வதந்தியும் தானே முளைத்ததும் அன்று, விதைக்கப்பட்டதும் உண்டு. பயிற்சியாளரை வேறிடத்தார் விரும்புகிறார்கள் என்ற பேச்சு எழுந்தால் இருக்கும் இடத்தில் சம்பளம் கூடும். ஆதலால் முகவருக்கு அதில் ஆதாயம் இருக்கிறது. பல்கலைக்கழகமும் சில வேளைகளில் ஒரு பெயரைக் காற்றில் விட்டு ஆழம் பார்க்கும். செய்தியைக் கேட்டவுடன் 'இதைச் சொல்வதால் யாருக்குப் பயன்?' என்று ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தால் பாதி வதந்தி அங்கேயே உதிர்ந்துவிடும்.

மறுப்புரைகளைப் படிப்பதற்கோ இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும். மயாமி நகரத்துத் தொழில்முறைக் குழுவின் பயிற்சியாளராக இருந்த நிக் சேபன், 2006 டிசம்பர் 21ஆம் நாள், தாம் அலபாமாவின் பயிற்சியாளர் ஆகப்போவதில்லை என்று ஐயத்திற்கு இடமின்றிச் சொன்னார். இரண்டு வாரம் ஆகவில்லை. ஜனவரி 3ஆம் நாள் அலபாமாவின் எட்டாண்டு ஒப்பந்தத்தை ஏற்றார். சொன்னது நடந்ததோடு முரண்பட்டது. அதைச் சுற்றி வளைக்க வழியில்லை. லிங்கன் ரைலியின் மறுப்போ வேறு வகை. 2021 நவம்பர் 27ஆம் நாள் ஓக்லஹோமாப் பயிற்சியாளராகிய அவரிடம், லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்திற்குப் போகிறீர்களா என்று கேட்டார்கள். அங்கே போகப்போவதில்லை என்றார். அது முழு உண்மை. மறுநாள் அவர் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் ஆனார்! கேட்ட கேள்விக்கு விடை சரி; கேட்காத கேள்விக்கு விடை இல்லை. நம் மொழியிலேயே 'நான் போகவில்லை' என்பதற்கும் 'நான் போகமாட்டேன்' என்பதற்கும் உள்ள தூரத்தை எண்ணிப் பாருங்கள். முன்னது இந்த நிமிடம் வரைக்கும்தான் உறுதி கூறும். 'நான் எவரோடும் பேசவில்லை' என்பதும் அவ்வாறே. தம் முகவர் பேசிக்கொண்டிருக்கும்போதும் ஒருவர் அதைக் கூசாமல் சொல்லலாம்.

வதந்தி ஓர் ஆளின் பெயரையே பற்றிக்கொள்ளும்போது அது விளையாட்டாக இருப்பதில்லை. 2017 நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. டென்னசிப் பல்கலைக்கழகம் கிரெக் ஷியானோவை நியமிக்கிறது என்ற செய்தி வந்தது. அவரும் விளையாட்டுத் துறை இயக்குநரும் உடன்படிக்கையில் ஒப்பமிட்டிருந்தனர். பல்கலைக்கழகத் தலைவியின் கையெழுத்து மட்டும் பாக்கி. அதற்குள் எதிர்ப்பு வெடித்தது. அவர் முன்னொரு காலத்தில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். அங்கே வேறொரு பயிற்சியாளர் சிறுவர்களுக்கு இழைத்த கொடுங்குற்றம் 2011இல் வெளிப்பட்டது. ஷியானோவுக்கு அது தெரியும் என்று மற்றொருவர் தம்மிடம் சொன்னார் என, மூன்றாமவர் ஒருவர் ஒரு வழக்கில் வாக்குமூலம் தந்திருந்தார். ஷியானோ மறுத்தார், சொன்னதாகக் கூறப்பட்டவரும் மறுத்தார். ஷியானோ மேல் வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. எனினும் அவ்வாசகம் பல்கலைக்கழக வளாகத்துப் பெரும் பாறை ஒன்றில் வண்ணத்தில் எழுதப்பட்டது. சட்டமன்ற உறுப்பினர்களும் குரல் எழுப்பினர். அன்று இரவுக்குள் நியமனம் கைவிடப்பட்டது.

சிறுவர்களின் நலத்தை உண்மையாகவே எண்ணிப் பேசியவர்களும் அக்கூட்டத்தில் இருந்திருப்பார்கள். ஆனால் அவருடைய வெற்றி தோல்விக் கணக்கு பிடிக்காதவர்கள் கைக்குக் கிடைத்த கல்லை எடுத்தெறிந்தார்கள் என்பதே என் கருத்து. ஐந்து நாளில் இயக்குநர் பதவி இழந்தார். பிறகு தேர்ந்தெடுக்கப்பட்டவர், மாணவர் சேர்ப்பு விதிகளை மீறியதன் பேரில் 2021 ஜனவரியில் நீக்கப்பட்டார். ஷியானோ 2019 டிசம்பரில், முன்பு தாம் பணியாற்றிய ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்திற்கே திரும்பினார்.

ஊரார் இவ்வளவு துருவியும் சில வேளைகளில் கண்முன் இருக்கும் தாளை எவரும் படிப்பதில்லை. 2001 டிசம்பரில் புகழ்பெற்ற நோட்டர் டேம் பல்கலைக்கழகம் ஜார்ஜ் ஓலியரியை நியமித்தது. நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு செய்தியாளர், அவரோடு கல்லூரியில் ஆடிய பழைய தோழர்களைத் தேடிப் பாராட்டுக் கட்டுரை எழுதப் புறப்பட்டார். ஓலியரி அங்கே ஓர் ஆட்டமும் ஆடவில்லை என்று தெரியவந்தது. அவர் குறித்திருந்த முதுகலைப் பட்டமும் இல்லை என்றாயிற்று. ஐந்தே நாளில் பதவி விலகினார். பல ஆண்டுகள் பல இடங்களில் பணியாற்றியவர் அவர். ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாயிருந்தது. அதற்கு முன் யாரும் அதைச் செய்யவில்லை!

இவையெல்லாம் பெரியவர்களின் கதை. குழுவில் இருக்கும் நூற்றுக்கு மேற்பட்ட மாணவர்களின் நிலையை எண்ணுங்கள். பதினேழு வயதுச் சிறுவனின் வீட்டுக்குப் பயிற்சியாளர் வருகிறார்; தாய் தந்தையரோடு அமர்ந்து, உங்கள் மகனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். அவரை நம்பி அவன் ஒப்பமிடுகிறான். 2024 வரை வழக்கிலிருந்த அந்த உறுதிப் பத்திரத்தில், ஒப்பந்தம் கல்லூரியோடுதானே அன்றிப் பயிற்சியாளரோடு அன்று என்று அச்சிட்டிருந்தது. பயிற்சியாளர் மறுநாளே வேறிடம் போகலாம். மாணவன் வேறு கல்லூரிக்குப் போனால் ஓராண்டு ஆடாமல் உட்காரவேண்டும். இவ்விதி 2021 ஏப்ரலில்தான் தளர்த்தப்பட்டது.

கல்லூரிகள் மாணவரிடம் ஒப்பம் வாங்கும் நாள் இப்போது டிசம்பர் தொடக்கத்திலேயே வந்துவிடுவதால், அதற்குள் பயிற்சியாளரைப் பிடிக்கவேண்டும் என்று எல்லாரும் விரைகிறார்கள். 2025இல் மிசிசிப்பிப் பல்கலைக்கழகக் குழு பதினொரு வெற்றிகளோடு தேசியப் போட்டியின் இறுதிக் கட்டத்திற்கு முதன்முறையாகத் தகுதி பெறும் நிலையில் இருந்தது. வாரக்கணக்கில் ஓடிய வதந்திகளுக்குப் பின், நவம்பர் 30ஆம் நாள், அதன் பயிற்சியாளர் லேன் கிஃபின் லூசியானாவுக்குப் போய்விட்டார். மாணவர்கள் அவரின்றியே ஆடப் போனார்கள். பயிற்சியாளர் மாறினால் மாணவரும் வெளியேறச் சிறிது அவகாசம் இப்போது உண்டு. அதனால் வதந்தியின் வட்டமும் விரிந்திருக்கிறது. பத்தொன்பது வயது மாணவன் எந்த ஊருக்குப் போகிறான் என்றும் இன்று ஊர் பேசுகிறது.