‘டாபெஸ்ட்ரி’ என்றால் என்ன?

சரித்திரம் ஒரு டாபெஸ்ட்ரி, நம் தேசத்தின் கலாசாரம் ஒரு டாபெஸ்ட்ரி, மனித வாழ்க்கையே ஒரு டாபெஸ்ட்ரி என்று இங்கிலீஷில் எழுதுகிறவர்கள் ஓயாமல் எழுதிவருகிறார்கள். தமிழில் பெயர்க்கும்போது, ‘சித்திரத் திரை’ என்று எழுதிவிட்டு நாம் மேலே போய்விடுகிறோம். திரை என்ற சொல் அது தொங்கும் விதத்தைக் கூறுகிறதே யொழிய, அது இன்ன பொருள் என்பதைக் கூறவில்லை.

பிரெஞ்சு பாஷையில் ‘தாபீ’ என்றால் கம்பளம். அதிலிருந்து பிறந்ததே இச்சொல். ஐரோப்பியப் பிரபுக்கள் தங்கள் கோட்டைகளில் கற்சுவரின் குளிரைத் தடுக்க இத்துணிகளைத் தொங்கவிட்டார்கள். வேறு மாளிகைக்குப் போகும்போது சுருட்டிக்கொண்டு போனார்கள். வட பிரான்ஸிலுள்ள ஆராஸ் நகரம் இந்நெசவில் பேர்பெற்றிருந்ததால், ஊரின் பெயரே துணிக்கும் ஆகிவிட்டது. ‘ஹாம்லெட்’ நாடகத்தில் பொலோனியஸ் ஒளிந்திருந்து குத்துப்பட்டு மடிகிறானே, அந்தத் திரை இதுதான். கலாசாலையில் அந்நாடகத்தைப் படித்தவர்களில் எத்தனை பேர் அது ஓர் ஊரின் பெயர் என்று கவனித்திருப்பார்கள்!

சாதாரணத் துணியில் ஊடை நூல் ஒரு கரையிலிருந்து மறு கரை வரையில் போய்த் திரும்புகிறது. டாபெஸ்ட்ரியில் அப்படியல்ல. சிவப்பு எவ்வளவு தூரம் வேண்டுமோ அவ்வளவு தூரமே சிவப்பு நூல் ஓடும், அங்கேயே திரும்பிவிடும். அடுத்த இடத்தைப் பச்சை எடுத்துக்கொள்ளும். ஊடையை நெருக்கி அடிப்பதால் பாவு வெளியே தெரியாது. ஆகவே துணியின்மேல் படம் இல்லை, படமே துணி. பூத்தையலைப் பிரித்தால் அடித்துணி மிஞ்சும். இதிலே படத்தைப் பிரித்தால் வெறும் பாவுதான் மிஞ்சும். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின், 1797-இல், அரண்மனை டாபெஸ்ட்ரிகளிலிருந்த பொன்னையும் வெள்ளியையும் எடுப்பதற்காக அவற்றை எரித்தே விட்டார்கள்.

இந்த அளவுகோலால் பார்த்தால், உலகப் பிரசித்தி பெற்ற பாயோ டாபெஸ்ட்ரி, டாபெஸ்ட்ரியே அல்ல! 1066-இல் நார்மண்டி வில்லியம் இங்கிலாந்தை ஜயித்த கதையைச் சொல்லும் அந்தச் சுமார் 70 மீட்டர் நீளத் துணி, லினன்மீது கம்பளி நூலால் செய்த ஊசி வேலை.

உண்மையான டாபெஸ்ட்ரிக்கு உதாரணம், பத்தாவது லியோ என்ற போப்பாண்டவர் ஸிஸ்டைன் ஆலயத்துக்காகச் செய்வித்தவை. ரபேல் வரைந்த மாதிரிப் படங்களைப் பிரஸ்ஸெல்ஸ் நெசவாளர் நீள நீளமாக அறுத்துப் பாவின் அடியில் வைத்துப் பின்புறமிருந்து நெய்தார்கள்; அதனால் படம் இடம் வலமாக மாறிற்று. ரபேலுக்குக் கொடுத்ததைப்போல் பல மடங்கு நெசவுக்குச் செலவாயிற்று. ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது ரபேலின் பெயரைத்தான்.

நம் தேசத்துக்கு இது புதிதல்ல. காச்மீரத்துக் கனி சால்வையும், மகாராஷ்டிரத்துப் பைத்தானி முந்தானையும் இவ்வித நெசவே. காஞ்சீபுரத்துக் கோர்வைச் சேலையில் மூன்று நாடாக்கள் ஓடி, உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கோத்துத் திரும்புகின்றன. அந்தத் தறியில் உட்கார்ந்தவருக்கு டாபெஸ்ட்ரியை விளக்க இரண்டு நிமிஷம் போதும்.

உவமைக்கு வருவோம். பல பாஷைகளும் பல மதங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன என்று மட்டும் சொல்ல வந்தவருக்கு, ஒட்டுப்போட்ட போர்வை என்பதே போதும். ஒரு நிறத்தை உருவினால் துணியிலேயே ஓட்டை விழும் என்று சொல்லத் துணிகிறவர்தான் டாபெஸ்ட்ரி என்று எழுதலாம். தமிழில் அதைச் ‘சித்திர நெசவு’ என்பது தகும் என்பது என் எண்ணம். பாயோ நகரத்துத் துணிக்கு அப்போது வேறு பெயர் தேட நேரும், நேரட்டும்.