கேப்டன் மாறிய 3 தொகுதி... மகனுக்கு கைநழுவிய 4,379 ஓட்டு!

ரிஷிவந்தியம்: ரிஷிவந்தியம்னு ஒரு ஊர் இருக்குன்னு தமிழ்நாடு முழுக்கத் தெரிஞ்சது 2011-ல்தான். காரணம், கேப்டன் விஜயகாந்த். அந்த சட்டசபை தேர்தலில் முரசு சின்னத்தில் இங்கே நின்று, காங்கிரஸ் வேட்பாளரை 30 ஆயிரம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் தோற்கடித்தார். அ.தி.மு.க. கூட்டணியில் 41 இடத்தில் போட்டியிட்ட தே.மு.தி.க. 29 இடத்தைப் பிடித்தது. தி.மு.க.வுக்குக் கிடைத்ததோ 23தான். நம்ம தொகுதி எம்.எல்.ஏ. எதிர்க்கட்சித் தலைவர் ஆனார்!

13 வருஷம் கழித்து, 2024-ல் அவருடைய மூத்த மகன் விஜயபிரபாகரன் முதல் தடவையாகத் தேர்தல் களத்தில் குதித்தார். விருதுநகர் எம்.பி. தொகுதி. 4,379 ஓட்டில் தோல்வி. எங்கே கோட்டை விட்டார்?

யார் இந்த விஜயபிரபாகரன்?

அரசியலுக்கு முன்னால் இவருக்கு விளையாட்டுப் பக்கம்தான் ஆர்வம். சென்னை ஸ்மாஷர்ஸ் பேட்மிண்டன் அணியை நடத்தியவர். தம்பி சண்முகபாண்டியன் சினிமாவுக்குப் போக, அண்ணன் கட்சி மேடைக்கு வந்தார். 2023 டிசம்பர் 14-ந்தேதி அம்மா பிரேமலதா பொதுச்செயலாளர் ஆனார். அதே மாதம் 28-ந்தேதி கேப்டன் காலமானார். நாலே மாதத்தில் மகன் வேட்பாளராக ஓட்டு கேட்டு நின்றார்.

அ.தி.மு.க. கூட்டணி பலம், அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளை என்ற அனுதாபம், பூர்வீக ஊரான ராமானுஜபுரம் அருப்புக்கோட்டை பக்கம் என்ற சொந்தம்... எல்லாம் சேர்ந்து 3 லட்சத்து 80 ஆயிரத்து 877 ஓட்டு விழுந்தது. காங்கிரசின் மாணிக்கம் தாகூருக்கு 3 லட்சத்து 85 ஆயிரத்து 256. பா.ஜ.க. சார்பில் நின்ற நடிகை ராதிகாவும் ஒரு லட்சத்து 66 ஆயிரம் ஓட்டுக்கு மேல் வாங்கினார். முடிவை எதிர்த்து விஜயபிரபாகரன் ஐகோர்ட்டில் வழக்கும் போட்டார். 2025 ஏப்ரலில் கட்சியின் இளைஞரணி செயலாளர் பதவி அவருக்கு வந்தது.

நின்றவரும் மாறியவரும்

இங்கேதான் விஷயம் இருக்கு. மாணிக்கம் தாகூர் அந்தத் தொகுதிக்குப் புதுசு இல்லை. 2009-ல் அங்கே வைகோவையே தோற்கடித்தவர். 2014-ல் தோற்றார். ஆனாலும் தொகுதியை விடவில்லை. 2019-ல் மறுபடி ஜெயித்தார்.

கேப்டன் என்ன செய்தார்? 2006-ல் விருத்தாசலம், ஜெயித்தார். 2011-ல் ரிஷிவந்தியம், ஜெயித்தார். 2016-ல் பக்கத்து உளுந்தூர்பேட்டைக்குப் போனார். மூன்றாம் இடம், டெபாசிட்டும் போச்சு. அந்த வருஷம் ரிஷிவந்தியத்தில் ஜெயித்தவர் தி.மு.க.வின் வசந்தம் கார்த்திகேயன். அவர் இடம் மாறவில்லை. 2021-லும் இங்கேயே நின்றார், ஜெயித்தார்.

குடும்பப் பெயருக்கு இங்கே இன்னொரு பரீட்சையும் நடந்தது. கேப்டனின் மைத்துனர் சுதீஷ் 2009-ல் கள்ளக்குறிச்சி எம்.பி. தேர்தலில் நின்று தோற்றார். 2014-ல் சேலத்துக்குப் போய்த் தோற்று, 2019-ல் திரும்ப இங்கே வந்தார். தி.மு.க.வின் கவுதம சிகாமணியிடம் கிட்டத்தட்ட 4 லட்சம் ஓட்டில் தோல்வி. ஜெயித்தவரும் வாரிசுதான், பொன்முடியின் மகன். ஆனால் 2024-ல் அவருக்கே சீட் கிடைக்கவில்லை. மலையரசன் வேட்பாளராகி எம்.பி. ஆனார்.

பெயர் வாசல் வரைக்கும்தான்!

2006-ல் தனியாக நின்று 8 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கிய கட்சி, 2016-ல் இரண்டரை சதவீதத்தைத் தொடவில்லை. 2021-ல் அரை சதவீதம்கூட இல்லை. விருத்தாசலத்தில் நின்ற பிரேமலதாவும் தோற்றார். ஆக, சின்னமும் கொடியும் சொத்து மாதிரி கைமாறும். ஓட்டு அப்படி மாறாது.

அப்பா பெயர் வீட்டு வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு வரும். உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கணும்னா, தோற்ற மறுநாளும் அதே தெருவுக்கு வரணும். ரேஷன் கடை, தண்ணி, ரோடுன்னு மனு கொடுக்க வர்றவங்களுக்கு ஆள் அங்கேயே கிடைக்கணும். எதிர்க்கட்சித் தலைவரையே அனுப்பி வைத்த தொகுதி இது. அவர் அடுத்த தேர்தலிலேயே பக்கத்து ஊருக்குப் போனதையும் பார்த்த தொகுதி. எந்தக் கட்சி வாரிசு வந்து கும்பிட்டாலும் நம்ம ஜனங்க கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: "தோத்தாலும் இங்கேயே இருப்பீங்களா தம்பி?"