இளையோர் தடத்திலிருந்து பெரியோர் தடத்திற்கு

கிரிக்கெட் மோகம் மிகுந்த நம் நாட்டில் ‘போலிங்’ என்றதும், விக்கெட்டை நோக்கி ஓடிவரும் பந்துவீச்சாளனே மனக்கண்முன் தோன்றுவான். அமெரிக்காவிலோ அச்சொல்லுக்குப் பொருள் வேறு. மண்டபமொன்றினுள், வழவழப்பான மரத்தடத்தின் வழியே கனத்த பந்தை உருட்டி, கோடியில் முக்கோணமாக நிற்கும் பத்துக் கட்டைகளை வீழ்த்தும் ஆட்டமே அங்கு போலிங் எனப்படுகின்றது. இவ்வாட்டத்தில் இளையோர் குழுவிலிருந்து பெரியோர் குழுவிற்குச் செல்பவர் எதிர்கொள்ளும் மாற்றத்தை ஈண்டு நோக்குவோம். பள்ளியை விட்டு உலகிற் காலடி வைக்கும் எவருக்கும் அதிற் பாடம் உண்டு.

ஆட்டத்தின் அமைப்பு

பந்தை விடும் கோட்டிலிருந்து முதற் கட்டை வரை 60 அடி. பந்தின் நிறை 16 இறாத்தலுக்கு மேற்படலாகாது. ஓர் ஆட்டத்திற்குப் பத்துச் சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் இரு முறை பந்தை உருட்டலாம். முதற் பந்திலேயே பத்துக் கட்டைகளும் வீழ்ந்தால் அது ‘ஸ்ட்ரைக்’. எஞ்சியவற்றை இரண்டாம் பந்தில் வீழ்த்தினால் ‘ஸ்பெயார்’. இறுதிச் சுற்றில் ஸ்ட்ரைக் எடுப்பவர்க்கு மேலதிகப் பந்துகள் உண்டு. இவ்வாறு பன்னிரண்டு ஸ்ட்ரைக்குகளைத் தொடர்ந்து எடுப்பவர் 300 புள்ளிகள் பெறுவார். அதுவே இவ்வாட்டத்தின் சிகரம்.

பல அணிகள் ஒரே மண்டபத்தில், வாரத்திற்கொரு நாள் வீதம், மாதக்கணக்காக மோதும் தொடரே ‘லீக்’ எனப்படும். ஆண்களுக்கான சங்கம் 1895ஆம் ஆண்டிலும், பெண்களுக்கான சங்கம் 1916ஆம் ஆண்டிலும் தோன்றின. இளையோர்க்கும் தனிச் சங்கம் இருந்தது. 2005ஆம் ஆண்டில் இவை யாவும் ஒன்றிணைந்து ஐக்கிய அமெரிக்க போலிங் காங்கிரஸ் என்னும் ஒரே அமைப்பாயின. சங்கங்கள் ஒன்றாகிவிட்டன, ஆயினும் இளையோர் லீக்கிற்கும் பெரியோர் லீக்கிற்கும் இடையிலுள்ள வாயிற்படி இன்னும் உயரமாகவே இருக்கின்றது.

எண்ணெயின் மாயம்

இளையோர் லீக்குகள் பெரும்பாலும் சனிக்கிழமைக் காலையில் நடைபெறும். பயிற்றுநர் அருகில் நிற்பார்; பெற்றோர் பின்னிருந்து ஊக்குவிப்பர். பெரியோர் லீக்கோ வேலை முடிந்த பின்னர், வாரநாளின் இரவில் கூடும். நேற்றுவரை தன் வயதினருள் முதல்வராய் விளங்கியவர், இங்கே இருபது முப்பது ஆண்டு அனுபவமுடையோர் மத்தியிற் கடைசி வரிசையில் நிற்க நேரிடும்.

வேறுபாடு அனுபவத்தில் மட்டுமன்று, தடத்திலும் உண்டு. தடத்தின் மேற்பரப்பைக் காத்தற்பொருட்டு அதன் முற்பகுதியில், பெரும்பாலும் 40 அடி அளவுக்கு, மெல்லிய எண்ணெய் பூசப்படும். எண்ணெய் உள்ள இடத்திற் பந்து வழுக்கிச் செல்லும்; இல்லாத இடத்திற் பற்றிக்கொண்டு வளையும். வலிமை மிக்க பலர், எண்ணெயை உறிஞ்சும் இயல்புள்ள பந்துகளை அடுத்தடுத்து உருட்டும்போது எண்ணெய்ப் படலம் குலைந்துவிடும். ஆதலால் முதல் ஆட்டத்தில் ஸ்ட்ரைக் தந்த அதே வீச்சு மூன்றாம் ஆட்டத்தில் வழிதவறும். நிற்கும் இடத்தையும் நோக்கும் புள்ளியையும் வேகத்தையும் கணத்துக்குக் கணம் மாற்றும் நுட்பம் இங்கே தேவை. மனப்பாடஞ் செய்த விடை, வினா மாறியதும் பயன்படாமற் போவது போன்றதே இது.

சமன் செய்யும் கணக்கு

புதியவர்க்குத் துணைநிற்பது ‘ஹண்டிகப்’ எனும் ஈட்டுப் புள்ளி முறையாகும். உதாரணமாக, ஒரு லீக் 220 புள்ளிகளை அடிப்படையாகக் கொண்டு, வித்தியாசத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு வீதம் வழங்குவதாகக் கொள்வோம். சராசரி 160 உடைய இளைஞருக்கு ஆட்டமொன்றிற்கு 54 புள்ளிகள் சேரும். சராசரி 200 உடையவருக்கு 18 மட்டுமே. ஆக, தத்தம் சராசரியை எடுப்பின் ஒருவர் 214, மற்றவர் 218. வல்லவரின் மேன்மை அழியவில்லை. எளியவரின் நம்பிக்கையும் அழியவில்லை. தன் சராசரியைவிடச் சிறிது நன்றாக ஆடினாலே இளையவர் தம் அணியை வெற்றிபெறச் செய்யலாம்.

பொறுப்பே முதிர்ச்சி

பெரியோர் லீக்கில் ஒவ்வொருவரும் வாரக் கட்டணம் செலுத்தவேண்டும். அதில் ஒரு பகுதி மண்டபத்திற்கும், ஒரு பகுதி பரிசு நிதிக்கும் செல்லும். இளையோர் பிரிவில் வெல்லும் தொகைகளை உயர்கல்விக்கான உதவிநிதியாக வைப்பிலிடும் ஏற்பாடு உண்டு. பெரியோரிடையிலோ பருவ முடிவிற் பணமே கைமாறும். ஒருவர் வாராதிருந்தால், பல லீக்குகளில் அவருடைய சராசரியிற் பத்துப் புள்ளியைக் குறைத்தே அணிக்குக் கணக்கிடுவர். அஃதாவது, வாராமையின் நட்டம் தோழர் அனைவரையும் சாரும். இளையோர் லீக்கில் நினைவூட்டி அழைத்துவரப் பெற்றோர் உளர். இங்கே தாமே நினைவில் வைத்து, மழையாயினும் களைப்பாயினும் வந்து சேரவேண்டும். ‘இவரை நம்பலாம்’ என்று நால்வர் எண்ணும் நிலையை அடைவதே உண்மையான பருவ மாற்றம் என்பது நமது துணிபு.

திறமை மட்டும் போதாது என்பதற்கு நோர்ம் டியூக்கின் வரலாறு சான்றாகும். உயரத்திற் சிறியவரான அவர், 1983ஆம் ஆண்டில், 18 வயதிலேயே தொழில்முறைச் சுற்றுப்போட்டியொன்றில் வெற்றிவாகை சூடி, அவ்வாறு வென்றோருள் மிக இளையவர் என்னும் புகழைப் பெற்றார். ஆனால் அடுத்த வெற்றிக்கு அவர் 1991ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. சோராது நின்ற அவரே 1994இலும் 2000இலும் ஆண்டின் சிறந்த வீரராகத் தெரிவானார்.

வரவேற்க வேண்டியோர்

இப்படியைத் தாண்டும் பொறுப்பு இளையோர்க்கு மட்டும் உரியதன்று. 1980க்கும் 1993க்கும் இடையில் அமெரிக்காவில் போலிங் ஆடுவோர் தொகை நூற்றுக்குப் பத்து வீதம் பெருகியபோதிலும், லீக்குகளில் ஆடுவோர் தொகை நூற்றுக்கு நாற்பது வீதம் அருகிவிட்டதென ஹாவார்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் றொபேட் புட்னம் 1995ஆம் ஆண்டிற் சுட்டிக்காட்டினார். ஆட்டம் வாழ்ந்தது, கூட்டம் கலைந்தது. வாரந்தோறும் முகம் பார்த்துப் பழகும் வழக்கம் நலிவது சமூகத்திற்கே நட்டம் என்பது அவர் கருத்து.

ஆகவே, புதிதாய் வரும் இளைஞனோ யுவதியோ தவறவிட்ட பந்திற்கு நகைப்பொலி எழுப்பாமல், தடம் மாறிய குறிப்பை மெல்ல எடுத்துரைக்கும் மூத்தவர் ஒருவர் அணியில் இருத்தல் வேண்டும். பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே அணியில் ஆடும் லீக்குகள் பல மண்டபங்களில் உள்ளன. முதற் பருவத்தை அவற்றிற் கழிப்பது, ஆழமறியா நீரில் இறங்குமுன் கரையோரம் நீந்திப் பழகுதற்கு ஒப்பாகும்.

மாணவர்களுக்கு நாம் கூறக்கூடியது இதுவே. கீழ்வகுப்பின் முதல் மாணவர் மேல்வகுப்பிற் பின்வரிசையில் அமர்வது தோல்வியன்று. முதல் ஆண்டிற் சராசரி குறையலாம்; குறையட்டும். குறித்த நாளில் வந்து, எஞ்சிய கட்டைகளைப் பொறுமையுடன் வீழ்த்தக் கற்றவரைத் தேடி ஸ்ட்ரைக்குகள் தாமே வரும்.